அணைக்கப்படாத விளக்கு



அமெரிக்கக் கால்பந்தில் நம் கண்ணில் படுகிறவர்கள் ஆட்டக்காரர்களும் தலைமைப் பயிற்சியாளர்களும்தான். துணைப் பயிற்சியாளர்களின் பெயர் பலருக்குத் தெரியாது. புரூஸ் ஏரியன்ஸ் என்பவர் என்.எஃப்.எல். அணிகள் பலவற்றில் நெடுங்காலம் அப்படித்தான் உழைத்தார். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியோடு இரண்டு சூப்பர் பவுல் வென்றும், 2011 ஆட்டப் பருவத்துக்குப் பின் அந்த அணி அவரை வைத்துக்கொள்ளவில்லை. அப்போது அவருக்கு வயது 59. இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியின் புதிய தலைமைப் பயிற்சியாளர் சக் பகானோ அவரைத் துணைக்கு அழைத்தார். முந்தைய பருவத்தில் 16 ஆட்டங்களில் 2 மட்டுமே வென்றிருந்த அணி அது.

2012 செப்டம்பரில் பகானோவுக்குத் தீராத சோர்வு. உடலில் காரணமில்லாமல் கன்றிய தழும்புகள். மனைவி வற்புறுத்தியதால் மருத்துவரிடம் போனார். இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. செவிலியராகச் சொல்கிறேன்: அவருக்கு வந்த வகையில், ஆரம்ப நாட்களின் இரத்தக்கசிவே பெரிய ஆபத்து. உடனே சிகிச்சை தொடங்கினால் குணமடைய நல்ல வாய்ப்பு உண்டு. இப்படிப்பட்ட அறிகுறிகளை நீங்களும் அலட்சியம் செய்யாதீர்கள்.

அணி ஏரியன்ஸ் கையில் வந்தது. அவரும் முன்பு புற்றுநோயிலிருந்து மீண்டவர். முதல் ஆட்டத்தில் கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு எதிராக இடைவேளையில் 3-21 எனப் பின்தங்கி, முடிவில் 30-27 என்று வென்றார்கள். அவர் பொறுப்பிலிருந்த 12 ஆட்டங்களில் 9 வெற்றி.

என்னைத் தொட்டது வேறொன்று. பகானோவின் அறை விளக்கை அவர் திரும்பி வரும்வரை அணைக்கக் கூடாது என்று ஏரியன்ஸ் சொல்லிவிட்டார். வெற்றிமேல் வெற்றி வந்தபோதும் அந்த இடம் தனக்குரியது என்று அவர் எண்ணவில்லை. டிசம்பர் 24 அன்று பகானோ திரும்பினார். ஏரியன்ஸ் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத் தன் பழைய வேலைக்குப் போனார்.

அந்தப் பருவத்தின் சிறந்த பயிற்சியாளர் விருது அவருக்கே கிடைத்தது. 60 வயதில் அரிசோனா கார்டினல்ஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. 2021 பிப்ரவரியில், 68 வயதில், டாம்பா பே அணியோடு சூப்பர் பவுல் வென்றார்.

மோசேயின் கைகள் சோர்ந்தபோது ஆரோனும் ஊரும் தாங்கிப் பிடித்தார்கள். கோலைத் தங்களுக்கென்று பறித்துக்கொள்ளவில்லை. பாடகர் குழுவிலோ, ஓய்வுநாள் பள்ளியிலோ, வேலையிலோ, வியாதிப்பட்ட ஒருவருடைய பொறுப்பு நாளை உங்கள் கைக்கு வரலாம். முழுப் பலத்தோடு செய்யுங்கள். அவர் திரும்பி வரும்வரை விளக்கு எரியட்டும்.