கொடுக்க மனம் வராத புத்தகங்கள்

வீட்டிலேயே படித்த பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவர்கள் படித்த புத்தகங்கள் பீரோவை விட்டு இறங்க மறுக்கின்றன. ஹைதராபாத்தில் ஒரு தாயின் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹைதராபாத்தின் ஆபிட்ஸ் பகுதியில் பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. இறக்கிவிட்ட ஷட்டர்களுக்கு முன்னால், நடைபாதை நெடுகப் பழைய புத்தகங்கள் விரிந்து கிடக்கும். எம்செட் வினாத்தாள்கள், இன்ஜினியரிங் கைடுகள், அட்டை கிழிந்த ஆங்கில நாவல்கள், இவற்றுக்கு நடுவே குழந்தைகள் புத்தகங்கள். எடுத்துப் புரட்டினால் பலவற்றின் முதல் பக்கத்தில் ஒரு பெயர் இருக்கும். யாரோ ஒரு மாமாவின் பிறந்தநாள் வாழ்த்து இருக்கும். சிலவற்றில் யானைக்குப் பச்சை வண்ணம் அடிக்கப்பட்டிருக்கும்.

மல்காஜ்கிரியில் நாங்கள் நடத்திய வீட்டுப் பள்ளிக்கூடத்தின் நூலகம் பெரும்பாலும் இந்த நடைபாதையிலிருந்துதான் வந்தது. மகளும் மகனும் பத்தாம் வகுப்புவரை பள்ளிக்கூடம் போகவில்லை. ஹோம்ஸ்கூலிங் என்று இப்போது பரவலாக அறியப்படும் வீட்டுவழிக் கல்விதான் இருவருக்கும். மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். மகனும் அடுத்த வருடம் போய்விடுவான். மிச்சம் இருப்பவை இரண்டு இரும்பு பீரோக்கள், கட்டிலுக்கு அடியில் நான்கு அட்டைப்பெட்டிகள், பரண்மேல் எண்ணிப் பார்க்காத மூட்டைகள்.

இவற்றை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று மூன்று கோடை விடுமுறைகளாகத் திட்டம் போட்டோம். ஒவ்வொரு முறையும் புத்தகங்கள் கீழே இறங்கின, தூசு தட்டப்பட்டன, மறுபடி மேலே ஏறின. முதல் வருடம் போனது இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்று தொலைபேசி டைரக்டரி.

சான்றிதழ் இல்லாத பள்ளி

பழைய பொருள்மீது எல்லோருக்கும் பாசம் உண்டு. ஆனால் வீட்டில் பாடம் நடத்தியவர்களுக்குப் புத்தகம் வேறு கணக்கிலும் சேர்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரையிலான பிள்ளைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10வது பிரிவு. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு வரியும் இல்லை. 1989ல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கி, 2002ல் பெயர் மாறிய என்.ஐ.ஓ.எஸ். நிறுவனத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வை 14 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். எங்களைப் போன்ற பலருக்கும் முதல் மதிப்பெண் பட்டியல் அங்கிருந்துதான் வருகிறது.

அதுவரை கையில் என்ன இருக்கிறது? பள்ளிக்குப் போன பிள்ளைக்கு ரேங்க் கார்டு உண்டு, குரூப் போட்டோ உண்டு, டி.சி. உண்டு. வீட்டில் படித்த பிள்ளைக்கு இந்த பீரோதான். ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் பிள்ளைகள் என்னதான் படிக்கிறார்கள் என்று கேட்கும்போதெல்லாம் நான் பீரோவைத் திறந்து காட்டியிருக்கிறேன். அதைக் காலி செய்வது, நடத்திய பள்ளிக்கூடத்தின் தஸ்தாவேஜுகளை நானே கொளுத்துவது மாதிரி இருந்தது.

அது பிள்ளைகளுக்கான சான்று என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது எனக்கான சான்று என்பது பின்னால்தான் புரிந்தது.

மழை சொன்ன பாடம்

2020 அக்டோபர் 13 அன்று ஹைதராபாத்தில் கொட்டிய மழையில் நகரின் பல காலனிகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தரைத்தளத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். 1908ல் மூசி நதி ஊரையே புரட்டிப்போட்ட வெள்ளத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. ஆனால் பீரோவின் கீழ்த்தட்டுக்கு அது போதுமானதாக இருந்தது.

பத்திரம் என்று நாங்கள் தனியே எடுத்துவைத்திருந்த பளபளப்பான படப்புத்தகங்கள் கீழ்த்தட்டில்தான் இருந்தன. வழவழப்புக்காகத் தாளின்மேல் ஏற்றும் பூச்சு நனைந்தால் பசை மாதிரி ஆகிவிடும். காய்ந்தபின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, புத்தகம் பலகையாகிவிடுகிறது. சாதாரணத் தாளில் அச்சான மலிவுப் புத்தகங்கள் உப்பி, கறைபடிந்து, கடைசியில் பிழைத்துக்கொண்டன. மழை தொடாத மேல்தட்டில் ராமபாணப் பூச்சி தன் வேலையைச் செய்திருந்தது. யாரும் திறக்காத புத்தகம் பத்திரமாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அடிக்கடி திறக்கப்படும் புத்தகத்தில்தான் பூச்சி சீக்கிரம் கண்ணில் படும்.

சீர்காழிக்காரர் வகுத்த விதி

இந்தச் சங்கடத்துக்கு ஒரு தமிழர் எப்போதோ பதில் சொல்லியிருக்கிறார். சீர்காழியில் 1892ல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக 1924ல் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், 1931ல் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் இன்றும் அவற்றைப் படிக்கிறார்கள். புத்தகம் பயன்பாட்டுக்கு உரியது என்பது முதல் விதியின் சாரம். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய புத்தகம் ஒன்று உண்டு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் உரிய வாசகர் ஒருவர் உண்டு என்பவை அடுத்த இரண்டு. அதே 1931ல்தான் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பும் ஏற்பாடும் தொடங்கியது. வாசகர் வராவிட்டால் புத்தகம் போக வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல.

மூன்றாவது விதியை என் பீரோவுக்குப் பொருத்திப் பார்த்தேன். 4 வயதுப் பிள்ளைக்கான எண்ணும் எழுத்தும் புத்தகத்துக்கு உரிய வாசகர் யார்? கல்லூரி விடுதியில் இருக்கும் மகளா? நிச்சயம் இல்லை. அந்தப் புத்தகத்தின் வாசகருக்கு இப்போதும் 4 வயதுதான். அந்தக் குழந்தை வேறு யார் வீட்டிலோ இருக்கிறது.

ஆபிட்ஸ் நடைபாதை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதல் பக்கத்தில் இருந்த பெயர்களை இத்தனை வருடங்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவையெல்லாம் ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு தாய் மனதைத் தேற்றிக்கொண்டு கொடுத்தவை. அவர்களும் என்னைப் போல மறுபடி பரணில் ஏற்றியிருந்தால் என் பிள்ளைகளுக்குப் படிக்கக் கிடைத்தது பாதிகூட இருந்திருக்காது.

நான்கு குவியல்கள்

நூலகங்களும் புத்தகங்களைக் கழிக்கின்றன. களையெடுப்பது என்றே அவர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநில நூலகம் இதற்காக 1976ல் ஒரு கையேடே வெளியிட்டது. தவறான தகவல் தருவது, கிழிந்து போனது, புதிய பதிப்பு வந்துவிட்டது, இந்த இடத்தில் படிக்க ஆளில்லாதது என்று காரணங்களை வரிசைப்படுத்தும் முறை அது. அதைக் கொஞ்சம் மாற்றி நாங்கள் நான்கு குவியல்கள் போட்டோம்.

முதல் குவியல், பழைய பேப்பர்காரருக்கு. புளூட்டோவை ஒன்பதாவது கிரகமாகச் சொல்லும் அறிவியல் புத்தகங்கள் இதில் சேர்ந்தன. 2006லேயே அந்தப் பட்டம் பறிக்கப்பட்டுவிட்டது. இன்னொரு குழந்தைக்குத் தப்பான பாடத்தைத் தானம் செய்வதில் புண்ணியம் இல்லை. விடை எழுதி நிரப்பிய பயிற்சிப் புத்தகங்களும் இங்கேதான்.

இரண்டாவது, இன்னொரு குழந்தைக்கு. அமர் சித்திரக் கதைகள், நேஷனல் புக் டிரஸ்டின் மெல்லிய படப்புத்தகங்கள், ஆங்கிலக் கதைகள் என்று கடையில் இன்றும் கிடைப்பவை, நல்ல நிலையில் இருப்பவை. ஆங்கிலமும் தெலுங்கும் இந்த ஊரிலேயே கைமாறிவிடும். தமிழ்ப் புத்தகங்களுக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. செகந்திராபாத்தில் தமிழர்கள் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் அந்தப் பெட்டி சார்மினார் எக்ஸ்பிரஸில் தமிழ்நாட்டுக்குப் போயிற்று. ஸ்லீப்பர் வகுப்பில் ஒருவர் 40 கிலோவரை இலவசமாகக் கொண்டுபோகலாம். தபாலில் அனுப்புபவர்களுக்கு ஒரு தகவல்: பதிவு புத்தகத் தபால் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. கல்விப் புத்தகங்களுக்காக 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்ற சேவை வந்திருக்கிறது. எடைக்கேற்ப 20 ரூபாயிலிருந்து, 5 கிலோவுக்கு 100 ரூபாய்வரை என்று கட்டணம் அறிவிக்கப்பட்டது.

மூன்றாவது குவியலில் கை நடுங்க வேண்டும். இனி அச்சாகாதவை அதில் இருந்தன. நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் சென்னையிலிருந்து தெலுங்கில் சந்தமாமாவையும் தமிழில் அம்புலிமாமாவையும் தொடங்கினார்கள். ஹைதராபாத்தில் அதைப் படிக்காத தாத்தா பாட்டிகள் குறைவு. அந்தப் பத்திரிகை நின்றுபோய்ப் பத்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. மாஸ்கோவில் அச்சாகி, தமிழில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாகவும் தெலுங்கில் விசாலாந்திரா வழியாகவும் மலிவு விலையில் வந்த குழந்தைகள் புத்தகங்கள் 1991ல் சோவியத் யூனியனோடு நின்றுபோயின. பின்னாளில் அவற்றில் சில மறுபடி அச்சேறின. தெலுங்கில் இந்த வேலையைச் செய்தவர்களில் செகந்திராபாத் தார்நாகாவில் இயங்கும் மஞ்சி புஸ்தகம் பதிப்பகமும் உண்டு. பழைய பிரதியை யாரோ எங்கோ வைத்திருந்தால்தான் இப்படி மறுபடி அச்சுப் போட முடியும்.

ஆக, கொடுக்காமல் வைத்திருந்தவர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா ஆயுள் முழுக்கச் சேர்த்தவை பெரிய புத்தகங்கள் மட்டுமல்ல. துண்டுப் பிரசுரம், நாடக நோட்டீஸ் எதையும் அவர் விடவில்லை. அவர் 1992ல் மறைந்தபின் அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிச் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கியது. ஆனால் அவர் சேர்த்தது பிறர் தேடி வந்து பார்க்கும்படி இருந்தது. நம் பரண் அப்படியா? கிடைக்காத புத்தகம் வீட்டில் இருந்தால் அதைப் பற்றி நூலகத்துக்கோ பதிப்பகத்துக்கோ எழுதிக் கேட்பதுதான் முறை. இந்த ஊரில் வீடுகளிலேயே நூலகம் பிறந்ததுண்டு. நிஜாம் காலத்தில், 1901ல், ஸ்ரீ கிருஷ்ண தேவராய ஆந்திர பாஷா நிலையம் ரவிசெட்டு ரங்காராவ் என்பவரின் வீட்டில்தான் தொடங்கியது.

நான்காவது குவியல், நினைவுக்காக. அதற்கு ஒரே ஒரு தட்டு என்று வரம்பு வைத்தோம்.

பிள்ளைகள் எடுத்தவை

நினைவுத் தட்டை யார் நிரப்புவது என்பதில் ஒரு தவறு செய்தேன். எனக்குப் பிடித்தவற்றை அடுக்கிவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். முதலில் படித்த புத்தகம், காய்ச்சலில் படுத்திருந்தபோது நான் படித்துக்காட்டிய புத்தகம் என்று ஒவ்வொன்றுக்கும் என்னிடம் கதை இருந்தது. இருவரும் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அவரவர் எடுத்ததில் நான் அடுக்கியது ஒன்றுகூட இல்லை.

மகன் எடுத்தது ட்ரெயின்ஸ் அட் எ கிளான்ஸ், ரயில்வேயின் கால அட்டவணை. கூட்டலும் கழித்தலும் மட்டுமல்ல, ஊர்ப் பெயர்களை வாசிக்கவும் அதிலேயே பழகியவன் அவன். எந்த வண்டி எங்கே எத்தனை நிமிடம் நிற்கும் என்று அவன் போட்ட கணக்குகளைப் பாடமாகவே நான் எண்ணியதில்லை. பணம் கொடுத்து வாங்கிய கணக்குப் புத்தகத் தொகுப்பை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிள்ளைகள் எதை எடுத்துக்கொண்டு வளர்ந்தார்கள் என்பது என் பீரோவில் பதிவாகவில்லை. அது அவர்களிடம் இருக்கிறது. இதை ஏற்றுக்கொண்டபின் பெட்டிகள் வேகமாக நிரம்பின. இரண்டு ஞாயிறுகளில் ஒரு பீரோ காலி.

மகள் கடைசியாக ஒன்றை எடுத்தாள். அது முதல் குவியலில், பழைய பேப்பருக்குப் போகக் கட்டிவைத்திருந்த பள்ளி அட்லஸ். நியாயமாகப் போக வேண்டியதுதான். அதில் இந்தியாவுக்கு 28 மாநிலங்கள். 2014ல் தெலங்கானா பிறந்து 29 ஆனது. 2019ல் ஜம்மு காஷ்மீர் யூனியன் பிரதேசங்களாகி மறுபடி 28. எண்ணிக்கை சரிதான், படம் தப்பு.

கட்டைப் பிரித்து அவள் அந்தப் பக்கத்தைக் காட்டினாள். 2014 ஜூன் 2 அன்று, 9 வயதில், ஆந்திரப் பிரதேசத்தின் நடுவே பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தாள். அந்தக் கோடு கோதாவரியைத் தப்பான இடத்தில் தாண்டுகிறது. பக்கத்தில் தேதியும் போட்டிருந்தாள்.

அட்லஸ் நினைவுத் தட்டில் இருக்கிறது. அதற்கு இடம் விட நான் அடுக்கியவற்றில் இரண்டை எடுத்துப் பெட்டியில் போட்டேன். முதல் பக்கத்தில் பிள்ளைகளின் பெயர் இருக்கிறது. அதை அழிக்கவில்லை.