திருட்டுப்போன ஜப்பானியக் கிட்டாரை மீட்பதற்கான கெடு

நாகானோ மாகாணத்து மட்சுமோட்டோ நகரின் ஃபுஜிகென் தொழிற்சாலையில் 1970களில் உருவாகி, கிரெக்கோ, ஐபனெஸ் ஆகிய பெயர்களில் விற்பனையான மின் கிட்டார்கள் இன்று நல்ல விலைக்குக் கைமாறுகின்றன. இத்தகைய கருவியை ஜப்பானில் திருட்டுக் கொடுப்பவர்கள் பலர், சமூக ஊடகத்தில் படத்தைப் பரப்பிவிட்டுக் காத்திருப்பதிலேயே சட்டம் தரும் கெடுவைத் தொலைத்துவிடுகிறார்கள்.

விற்றவரே உரிமையாளர் என்று நம்பி, கவனக்குறைவின்றி வாங்கியவருக்கே பொருள் சொந்தம் என்பது ஜப்பானியக் குடிமையியல் சட்டத்தின் 192ஆம் பிரிவு. திருடப்பட்ட, தொலைந்த பொருள்களை மட்டும் 2 ஆண்டுகளுக்குள் மீட்க 193ஆம் பிரிவு இடமளிக்கிறது. எனினும் வாங்கியவர் அதை ஏலத்திலோ, அவ்வகைப் பொருளை விற்கும் வணிகரிடமோ நல்லெண்ணத்துடன் பெற்றிருந்தால், அவர் கொடுத்த விலையைத் தந்தே மீட்க வேண்டும். கிட்டார் பழைய பொருள் வணிகரின் கையிலேயே இருந்தால், அவர் எவ்வாறு வாங்கியிருந்தாலும், பழைய பொருள் வணிகச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி விலையின்றிக் கேட்டுப் பெறலாம். அந்த உரிமை திருட்டு நடந்து ஓராண்டு வரைதான். இசைக்குழு நண்பருக்கு இரவல் கொடுத்து, அவர் அதை விற்றுவிட்டால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிட்டாது. அது திருட்டாகாது, நம்பிக்கை மோசடியாகவே கொள்ளப்படும்.

ஆகவே திருட்டு தெரிந்த அன்றே காவல் நிலையத்தில் 'ஹிகாய் தொதொகே' எனப்படும் பாதிப்புப் புகாரைப் பதிவு செய்து, அதன் ஏற்பு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். தம் எல்லைக்குள் நடக்கவில்லை என்று கூறிப் புகார்தாரரை அலைக்கழிப்பது பொறுத்துக்கொள்ளத்தக்கதன்று. எல்லை எதுவாயினும் புகாரை ஏற்க வேண்டும் என்று குற்றப் புலனாய்வு நெறிமுறைகளின் 61ஆம் விதி தெளிவாகவே கட்டளையிடுகிறது. புகார் இருந்தால்தான் காவல்துறை 'ஷினாபுரே' என்னும் திருட்டுப் பொருள் அறிவிப்பை வணிகர்களுக்கு அனுப்ப வழி பிறக்கும். அதில் கண்ட பொருள் தம்மிடம் இருந்தால் வணிகர் உடனே காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்.

அடையாளமற்ற புகாரால் பயனில்லை. 1960களின் ஜப்பானியக் கிட்டார்கள் பலவற்றில் வரிசை எண்ணே கிடையாது. எண் இருந்தாலும், கழுத்தைத் திருகாணிகளால் உடலோடு பிணைத்த கருவிகளில் அது பெரும்பாலும் கழுத்துத் தகட்டில் இருப்பதால், நான்கு திருகாணிகளைக் கழற்றினால் தகடு மாறிவிடும். மாற்ற முடியாதவை மரத்தின் வரிகளும், வார்னிஷின் கீறல்களும், பழுதுபார்த்த தழும்புகளுமே. ஆகவே முன்புறம், பின்புறம், தலைப்பகுதி, பிக்கப் குழியின் உட்புறம் ஆகியவற்றின் படங்களை, வாங்கிய ரசீதோடு, கருவி கையில் இருக்கும்போதே சேமித்து வைக்க வேண்டும்.

கடையில் கிட்டாரைக் கண்டதும் வாய்ச்சண்டையில் இறங்குவது வீண். புகாரின் ஏற்பு எண்ணையும் படங்களையும் குறிப்பிட்டு, 20ஆம் பிரிவின்படி திரும்பக் கோரும் கடிதத்தை, 'நையோ ஷோமெய்' எனப்படும் உள்ளடக்கச் சான்று அஞ்சலில், சேர்ப்புச் சான்றுடன் அனுப்ப வேண்டும். எந்த வாசகம் எந்த நாளில் அனுப்பப்பட்டது என்பதற்கு அஞ்சலகமே சாட்சியாகும். கடிதம் ஓராண்டுக் கெடுவுக்குள் வணிகரைச் சேர்ந்துவிட வேண்டும்; கெடு கணக்கிடப்படுவது கடையில் கண்ட நாளிலிருந்து அன்று, திருட்டு நடந்த நாளிலிருந்து.

வாங்குபவர்களும் பொதுப் பாதுகாப்பு ஆணையத்தின் 12 இலக்க அனுமதி எண்ணைக் காட்சிக்கு வைத்த கடையில் வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். உண்மை உரிமையாளர் பின்னாளில் வந்து கேட்டால், கொடுத்த விலையைத் திரும்பப் பெற அந்த ரசீதே ஆதாரம்.