வயதுக்கேற்ற வளர்த்தி இல்லையா? ரத்தத்தைப் பாருங்கள்!

அகளி: கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாக எல்லையைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினரும், தமிழகத்திலிருந்து குடியேறிய நம்மவரும் சேர்ந்து வாழும் மலைப்பகுதி இது.

2013ஆம் ஆண்டில் இங்கு பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தது நாட்டையே உலுக்கியது. தாய்மாரின் ரத்தசோகையும் ஊட்டக்குறைவும், பிறக்கும்போதே குழந்தைக்குப் போதிய எடை இல்லாததும் முக்கியக் காரணங்களாகக் கூறப்பட்டன. பின்னர் ஊர்களில் சமூகச் சமையற்கூடங்கள் ஏற்படுத்தப்பட்டன.

அரிவாள் அணு நோய்

உணவுக் குறைவோடு இங்கு இன்னொரு எதிரியும் உண்டு. அதுவே அரிவாள் அணு ரத்தசோகை. பக்கத்து நீலகிரி மலைவாழ் மக்களிடம் இதன் கூறு இருப்பதை 1952லேயே லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு இந்நோயில் அரிவாள்போல் வளைந்துவிடுகிறது. சாதாரண சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். இதுவோ 10 முதல் 20 நாளில் அழிந்துவிடும். புது ரத்தம் ஊறுவதற்கே உடலின் சத்தெல்லாம் செலவாகிறது. எனவே குழந்தை உயரத்திலும் எடையிலும் பின்தங்குகிறது, பருவமடைவதும் தாமதமாகிறது. சிறு ரத்தக் குழாய்கள் அடைபட்டால் கைகால் வீங்கி, தாங்கமுடியாத வலி எடுக்கும். மூளைக்கு ரத்தம் குறைந்தால் படிப்பும் பாதிக்கப்படும். இத்தகைய பிள்ளையைச் சோம்பேறி என்று அடிப்பது எவ்வளவு கொடுமை!

என்ன செய்யலாம்?

இது தொற்றுநோய் அல்ல, பெற்றோரிடமிருந்து வருவது. நோய்க்கூறு மட்டும் உள்ளவர் நலமாகவே இருப்பார். ஆனால் கணவன், மனைவி இருவருக்கும் அது இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. எனவே திருமணத்துக்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. 1-7-2023 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ளோருக்குப் பரிசோதனை நடத்தப்படுகிறது.

போலிக் அமிலம், ஹைட்ராக்சியூரியா போன்ற மருந்துகளை டாக்டர் சொன்னபடி தவறாமல் கொடுத்து, நிறையத் தண்ணீரும் சத்துணவும் தந்தால் பிள்ளைகள் தேறி வளர்வார்கள். காய்ச்சல் வந்தால் ஒருநாள்கூடத் தாமதிக்கலாகாது.

மூணாறு, பீர்மேடு தோட்டங்களிலும் பாலக்காட்டு ஆலைகளிலும் பாடுபடும் பெற்றோருக்கும் இது பொருந்தும். வளர்த்தி குன்றுவதற்குக் காரணம் பல: பூச்சி, காசம், இதயக் கோளாறு, தைராய்டு குறைவு. அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். ஒரு நாள் கூலி போனால் மறுநாள் சம்பாதிக்கலாம். குழந்தை வளரும் வயது போனால் திரும்பாது.