பட்டத்துக் குதிரைக்கும் பலப்பரீட்சை வேண்டுமா?

பெங்களூரில் ரேஸ் கோர்ஸ் பக்கம் போகாத தமிழ்க் குடும்பம் இருக்காது. ஆனால் மதிலுக்கு உள்ளே நடப்பது என்ன என்று கேட்டால், பணம் கட்டி விளையாடுவதைத் தவிர நம்மில் பலருக்கு வேறெதுவும் தெரியாது. அந்தப் பேச்சை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், குதிரை வளர்ப்பவர்களிடையே நெடுநாளாக நடந்துவரும் சுவையான வழக்கு ஒன்று உண்டு. தொடர்ந்து வென்றுவரும் குதிரையை அது சுலபமாக வெல்லும் பந்தயங்களிலேயே ஓடவிடலாமா? அல்லது அதைவிட வல்ல குதிரைகளோடு மோதவிட வேண்டுமா?

பந்தயங்களில் இரண்டு வகை உண்டு. ஹேண்டிகேப் பந்தயத்தில், நன்றாக ஓடும் குதிரை அதிக எடை சுமக்க வேண்டும். ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தோடு ஈயத் தகடுகளை வைப்பார்கள். டெர்பி போன்ற கிளாசிக் பந்தயங்களிலோ ஒரே வயதுக் குதிரைகள் ஒரே எடையோடு ஓடுகின்றன. பெண் குதிரைகளுக்கு மட்டும் சிறு சலுகை உண்டு. இங்கே தோற்றால் சாக்குச் சொல்ல இடமில்லை.

ஆனால் ஓர் ஊரின் டெர்பியை வென்றுவிட்டால் நாட்டிலேயே சிறந்த குதிரை ஆகிவிடுமா? ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற கதையாகவும் இருக்கலாமே! இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1963-இல் இந்தியன் டர்ஃப் இன்விடேஷன் கோப்பை தொடங்கப்பட்டது. பெங்களூர், சென்னை, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத் என்று இது ஊர் ஊராக மாறி நடக்கிறது. பல ஊர்ச் சாம்பியன்களும் ஒரே களத்தில் சந்திக்க இது வழி செய்தது.

பெங்களூர் ரேஸ் வட்டாரம் நன்கறிந்த ரஷீத் பைராம்ஜி பயிற்சி அளித்த 'ஸ்குவாண்டரர்' 1977-இல் மும்பையில் இந்தியன் டெர்பியை வென்றது. மொத்தம் 19 பந்தயங்களில் 18 வெற்றி. இந்தக் கணக்கு இன்றும் மதிப்போடு பேசப்படுவதற்குக் காரணம் எண்ணிக்கை மட்டுமல்ல, எந்தக் களத்தில் வென்றது என்பதும்தான்.

அமெரிக்காவின் 'ஜென்யாட்டா' என்ற பெண் குதிரை தொடர்ந்து 19 பந்தயங்களை வென்றது. பெரும்பாலும் கலிபோர்னியாவிலேயே ஓடுகிறது என்று அதன் மேல் ஒரு குறை இருந்தது. 2010-இல் கென்டக்கிக்குப் போய், வலிமைமிக்க ஆண் குதிரைகளோடு ஓடித் தலையளவு தூரத்தில் தோற்றது. அதுவே அதன் கடைசிப் பந்தயம். வேடிக்கை என்னவென்றால், தோல்வியே காணாத ஆண்டுகளில் கிடைக்காத 'ஆண்டின் சிறந்த குதிரை' என்ற விருது, தோற்ற அந்த ஆண்டில்தான் கிடைத்தது!

அப்படியானால் பெரிய களத்துக்கு அனுப்பிவிட வேண்டியதுதானே? அவசரப்பட வேண்டாம். ஆஸ்திரேலியாவின் 'பிளாக் கேவியர்' 21 பந்தயங்களிலும் தோற்காமல் 2012-இல் இங்கிலாந்தின் அஸ்காட் மைதானத்துக்குப் போனது. அங்கும் வென்றது, ஆனால் மயிரிழையில். பிறகு பரிசோதித்தபோது அதன் தசைகள் கிழிந்திருந்தது தெரிந்தது. நெடும் பயணமும் பழகாத மைதானமும் எந்தக் குதிரைக்கும் சோதனைதான்.

ஆகவே கடினமான போட்டி வேண்டும். அது இல்லாமல் சாம்பியன் என்ற சொல்லுக்குப் பொருளில்லை. ஆனால் உரிமையாளரின் பெருமைக்காகவோ பார்ப்பவர்களின் ஆரவாரத்துக்காகவோ அனுப்பக் கூடாது. குதிரையின் உடல்நிலை, அதற்கு ஒத்துவரும் தூரம், இரண்டு பந்தயங்களுக்கு இடையே போதிய ஓய்வு ஆகிய மூன்றும் கூடிவந்த பிறகே அனுப்ப வேண்டும்.

பிள்ளைகளைப் போட்டிகளுக்கு அனுப்பும் நம் வீடுகளுக்கும் இது புதிய வழக்கு அல்ல. ஒரு வித்தியாசம் உண்டு. முடியவில்லை என்றால் பிள்ளை வாய்திறந்து சொல்லும். குதிரை சொல்லாது, கால் நோவும்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதற்காக யோசிக்க வேண்டியது மனிதர்கள்தாம்.