'சோதிக்கவில்லை' என்று விற்கப்படும் ஃபிளாப்பி டிரைவ்

1985-இல் பிரிட்டனின் ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் கொண்டுவந்த பிசிடபிள்யூ 8256 கணினியை எழுத்தாளர்களும் சிறு அலுவலகங்களும் விரும்பி வாங்கினார்கள். பிரின்டரும் சேர்ந்தே வந்தது. ஆனால் அதில் இருந்தது 3 அங்குல ஃபிளாப்பி. உலகமோ 3.5 அங்குலத்துக்குப் போய்விட்டது. இன்று அந்த டிஸ்க்கைப் படிக்கப் பழைய டிரைவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அச்சேறாத நாவலோ, இறந்துபோன அப்பாவின் கடிதங்களோ அதற்குள் இருக்கலாம். அதனால்தான் இதில் யாரும் ஏமாறக்கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன்.

'சோதிக்கவில்லை' என்று போட்டு விற்கும் டிரைவுக்கு, ஓடுகிற டிரைவின் விலையைக் கொடுக்காதீர்கள். ஒரு டிஸ்க்கில் எழுதி, அதையே திரும்பப் படிக்கும் வீடியோவைக் கேளுங்கள். மோட்டார் சுற்றும் சத்தம் மட்டும் சான்றாகாது. இந்த டிரைவில் மோட்டாரையும் டிஸ்க்கையும் இணைப்பது ஒரு ரப்பர் பெல்ட். வயதானால் அது தளர்ந்துவிடும், சில சமயம் தார்போல் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்போது டிஸ்க் உள்ளே இருந்தும், கணினியால் அதைப் படிக்க முடியாது. டிரைவே போய்விட்டது என்று பலர் தூக்கிப் போடுவது இதனால்தான். புது பெல்ட்டின் விலை சொற்பம். கப்பியில் ஒட்டிய பிசுக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு மாற்றினால் பெரும்பாலும் ஓடிவிடும்.

மாற்றாக 3.5 அங்குல டிரைவைப் பொருத்துபவர்கள் மின்இணைப்பில் மிகுந்த கவனமாக இருக்க வேண்டும். பிளக் ஒன்றுபோலத் தெரிந்தாலும், ஆம்ஸ்ட்ராட் 3 அங்குல டிரைவுகளில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் இடம் மாறியிருக்கும். அப்படியே செருகினால் டிரைவ் கருகும்.

டிரைவ் வந்ததும் முக்கியமான டிஸ்க்கைப் போட்டுப் பார்க்காதீர்கள். வேண்டாத ஒன்றில் சோதியுங்கள். பூஞ்சை படிந்த டிஸ்க் ஹெட்டை அழுக்காக்கி, அடுத்த டிஸ்க்கையும் கீறிவிடும். பிறகு முக்கியமான டிஸ்க்கில் எழுத்துத் தடையைப் போட்டு, கிரீஸ்வீசில் போன்ற கருவியால் முழு டிஸ்க்கையும் முதலில் பிரதி எடுத்துவிடுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52(1)(ஏஏ) பிரிவு, முறையாக வாங்கிய மென்பொருளை இழப்புக்கு எதிரான காப்புக்காகப் பிரதி எடுக்க அனுமதிக்கிறது. அந்தப் பிரதியை ஊருக்கு விநியோகிக்க அனுமதி இல்லை. வாங்கிய பழைய டிஸ்க்கில் பிறருடைய கடிதமோ கதையோ இருந்தால், டிஸ்க் உங்களுடையது, எழுத்து உங்களுடையதல்ல.

பொருள் பழுதாக வந்தால்? பிரிட்டனில் இருப்பவர்கள் இணையத்தில் வியாபாரியிடம் வாங்கினால், பொதுவாகக் கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். பழுதென்றால் 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். தனிநபர் விற்றால், பெரும்பாலும் சொன்ன விவரத்துக்குப் பொருள் பொருந்தவில்லை என்றுதான் வாதிட முடியும். இந்தியாவில் வியாபாரியிடம் வாங்கியவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. தொழிலாக விற்காத தனிநபரிடம் வாங்கியவருக்கு இந்த வழி எளிதில் திறக்காது. ஆகவே விளம்பரப் பக்கத்தையும் விற்பவர் அனுப்பிய செய்திகளையும் பணம் கட்டுமுன்பே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், வந்த வாரமே டிரைவை ஓட்டிப் பாருங்கள்.