தாழ்ந்த வண்டியும் தேயும் டயரும்

ஒரு மோட்டார் கார் சாலையை எவ்வளவு இடத்தில் தொடுகிறது என்று எப்பொழுதேனும் எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? காரின் எடை 1,200 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு சக்கரங்களும் அதைச் சமமாகப் பகிர்ந்துகொண்டால், ஒன்றின் பங்கு 300 கிலோகிராம். டயருக்குள் அடைத்துள்ள காற்று, ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 2.2 கிலோகிராம் எடையைத் தாங்குகிறது. ஆகவே 300 கிலோகிராமைத் தாங்குவதற்குச் சுமார் 136 சதுர சென்டிமீட்டர் இடம் வேண்டும். விரல்களோடு சேர்த்து நம் கை ஒன்றின் அளவுதான் அது. வண்டி திரும்புவதும், நிற்பதும், மழையில் வழுக்காமல் செல்வதும் நான்கு கையளவு ரப்பரை நம்பியே நடைபெறுகின்றன.

வண்டியின் உடலைத் தரைக்கு அருகே தாழ்த்தினால் இந்தக் கையளவு ரப்பருக்கு என்ன நேருகிறது என்பதையே இன்று விளக்க விரும்புகிறேன்.

காரைத் தாழ்த்தும் ஆசை புதியதன்று. அதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று அறிவியல் சார்ந்தது: வண்டியின் ஈர்ப்பு மையம் தாழ்ந்தால், வளைவுகளில் எடை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சாய்வது குறையும். பந்தயக் கார்கள் தரையோடு தரையாக இருப்பது இதனால்தான். மற்றொன்று அழகு சார்ந்தது. அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் வாழ்ந்த மெக்சிகோ வழிவந்த இளைஞர்கள், பழைய கார்களின் ஸ்பிரிங்குகளை வெட்டியும், பின்பெட்டியில் மணல் மூட்டைகளை ஏற்றியும் வண்டிகளைத் தாழ்த்தி, வீதிகளில் மெல்ல ஓட்டி மகிழ்ந்தனர். சக்கர விளிம்பின் அடிமட்டத்தைவிடத் தாழ்வாக வண்டியின் எந்தப் பகுதியும் இருக்கலாகாது என்று அம்மாநிலம் விதித்த சட்டம் 1958ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டிலேயே ரான் அகீரே என்பவர், விமானங்களில் பயன்பட்ட ஹைட்ராலிக் கருவிகளைத் தம் காரில் பொருத்தி, வேண்டும்போது உயர்த்தவும் வேண்டும்போது தாழ்த்தவும் வழி கண்டார். அச்சட்ட விதி நெடுங்காலம் இருந்து, 2024ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியோடு நீங்கியது. ஆனால் சட்டசபை கூடி நீக்க முடியாத விதி ஒன்று இருக்கிறது. அது வடிவகணித விதி. டயர்கள் அதற்குத்தான் கட்டுப்படுகின்றன.

வண்டியைத் தாழ்த்துவது என்றால் என்ன? நீண்ட ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் குட்டையான ஸ்பிரிங்கைப் பொருத்துகிறோம். சக்கரம் சாலையிலேயே நிற்கிறது. உடல் மட்டும் இறங்குகிறது. நிற்கும் ஒருவர் மெல்லக் குந்தும்பொழுது பாதம் தரையிலேயே இருக்க, முழங்காலும் இடுப்பும் மடங்குகின்றன அல்லவா? அதுபோல, சக்கரத்தையும் உடலையும் இணைக்கும் கைகளும் தண்டுகளும் தங்கள் கோணத்தை மாற்றிக்கொள்கின்றன. அவற்றோடு சக்கரம் நிற்கும் நிலையும் மாறிவிடுகிறது. அந்த நிலையை இரண்டு கோணங்களால் அளக்கிறோம்.

முதற்கோணத்தைப் பட்டறைகளில் கேம்பர் என்பார்கள். நாம் சாய்வு என்று சொல்வோம். காரை முன்னாலிருந்து நோக்கினால், சக்கரம் செங்குத்தாக நிற்கிறதா, அதன் தலை உட்புறமாகச் சாய்ந்திருக்கிறதா, வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கிறதா என்பதைக் காட்டுவது இது. இரண்டாவது கோணத்தை டோ என்பார்கள். கால்விரலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. காரை மேலிருந்து நோக்குவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சிலர் நிற்கும்பொழுது இரு பாதங்களின் விரல்களும் ஒன்றையொன்று நோக்கியிருக்கும், சிலருக்கு விலகியிருக்கும். சக்கரங்களும் அவ்வாறே. முன்பக்கம் நெருங்கியிருந்தால் அதனை உள்நோக்கு என்றும், விலகியிருந்தால் வெளிநோக்கு என்றும் சொல்லலாம்.

தாழ்த்திய வண்டியில் சாய்வு மாறுவது கண்ணுக்கே தெரியும். 1988 முதல் 2000 வரை விற்பனையான ஹோண்டா சிவிக் கார்களின் முன்சக்கரங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை என இரண்டு கைகள் பிடித்திருக்கின்றன. மேற்கை குட்டை, கீழ்க்கை நீளம். உடல் தாழும்பொழுது இரண்டும் மேல்நோக்கிச் சுழல்கின்றன. குட்டையான கை சிறிய வட்டத்தில் சுழல்வதால், தன் முனையை அதிகமாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவே சக்கரத்தின் தலை உட்புறம் சாய்கிறது. டயரின் உள்விளிம்பு மிகுதியான பாரத்தைச் சுமக்கத் தொடங்குகிறது. உள்விளிம்பு தேய்ந்த டயரைக் கண்டவுடன் எல்லாரும் சாய்வையே குற்றம் சாட்டுவதற்குக் காரணம் இதுதான். அந்தக் குற்றச்சாட்டு பாதியளவே உண்மை.

மீதிப் பாதியை அறிய, ஸ்டியரிங்கின் குறுக்குத் தண்டைக் கவனிக்க வேண்டும். ஓட்டுபவர் ஸ்டியரிங்கைத் திருப்பும்பொழுது சக்கரத்தைத் தள்ளவும் இழுக்கவும் செய்வது இத்தண்டே. உடல் தாழும்போது இதுவும் சுழல்கிறது. ஆனால் கீழ்க்கை சுழலும் வட்டமும் இது சுழலும் வட்டமும் ஒன்றல்ல. வண்டியை அமைத்தவர்கள், அது வழக்கமான உயரத்தில் மேலும் கீழும் அசையும்பொழுது இரண்டு வட்டங்களும் பெரும்பாலும் ஒத்துப்போகும்படி கணக்கிட்டிருப்பார்கள். அந்த உயரத்தை விட்டு விலக விலக, ஒற்றுமையும் குலைகிறது.

ஒரு சிறு கணக்கால் இதனைத் தெளிவாக்கலாம். கீழ்க்கையின் நீளம் 35 சென்டிமீட்டர், ஸ்டியரிங் தண்டின் நீளம் 30 சென்டிமீட்டர், இரண்டும் தொடக்கத்தில் கிடையாக இருக்கின்றன, தண்டு அச்சுக்குப் பின்புறம் அமைந்துள்ளது என்று கொள்வோம். எளிமைக்காக, தண்டின் முனையும் கையின் முனையும் ஒரே உயரத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்வோம். இப்போது வண்டியை 4 சென்டிமீட்டர் தாழ்த்துகிறோம். உடலை நோக்க, இரு முனைகளும் 4 சென்டிமீட்டர் உயர்கின்றன. செங்கோண முக்கோணத்தின் விதிப்படி, கையின் முனை 2.3 மில்லிமீட்டர் உள்ளே வரும். தண்டின் முனை 2.7 மில்லிமீட்டர் உள்ளே வரும். வித்தியாசம் 0.4 மில்லிமீட்டர். நூலிழையளவு! ஆனால் அந்த நூலிழை, சக்கரத்தின் பின்பகுதியை உள்ளே இழுத்து முன்பகுதியை வெளியே திருப்பிவிடுகிறது. திருப்பும் நெம்புகோலின் நீளம் 13 சென்டிமீட்டர் எனில், 0.4 மில்லிமீட்டரை 130 மில்லிமீட்டரால் வகுக்கக் கிடைப்பது ஏறத்தாழ 0.003. டிகிரிக் கணக்கில் இது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணால் பார்த்து எவராலும் இதனை அறிய முடியாது.

கண்ணுக்குத் தெரியாத இக்கோணம் டயரை என்ன செய்கிறது? வண்டி நேரே செல்கிறது, சக்கரமோ 0.003 பங்கு வெளிநோக்கி உருள விரும்புகிறது. ஆகவே ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் டயர் 3 மீட்டர் பக்கவாட்டில் இழுபட வேண்டியிருக்கிறது. பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினால், சாலை என்னும் உப்புத்தாளின்மேல் 30 கிலோமீட்டர் பக்கவாட்டு இழுப்பு! ரப்பர் நெளிந்து கொடுப்பதால் இது முழுவதும் தேய்ப்பாக மாறிவிடுவதில்லை. எனினும் டயரின் ஆயுளை விழுங்குவது பெரும்பாலும் இந்த இழுப்புத்தான்.

சாய்ந்த சக்கரம், சாய்ந்திருந்தாலும், தான் செல்லும் திசையிலேயே உருள்கிறது. நோக்குத் தவறிய சக்கரம், உருள்வதோடு உராய்ந்துகொண்டும் செல்கிறது. ஆகவே இவ்வாறு சொல்லலாம்: டயர் எங்கே தேயும் என்பதைச் சாய்வு முடிவு செய்கிறது, எவ்வளவு விரைவில் தேயும் என்பதை நோக்கு முடிவு செய்கிறது. தாழ்த்திய வண்டியில் உட்சாய்வும் வெளிநோக்கும் ஒன்றுசேர்ந்தால், பாரம் முழுவதும் உள்விளிம்பில். இழுப்பும் அதே விளிம்பில். மாதக்கணக்கில் நிகழ வேண்டியது வாரக்கணக்கில் நிகழ்ந்துவிடுகிறது.

இத்தகைய டயர் ஒன்றைப் பட்டறை ஒன்றில் நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். வெளிப்புறத்தில் பள்ளங்கள் ஆழமாக, புதிய டயர் போலவே இருந்தன. திருப்பிப் பார்த்தால் உள்விளிம்பில் ரப்பர் முழுவதும் போய், எஃகுக் கம்பிகள் மின்னின. வண்டிக்குரிய இளைஞர், சாய்வைத் திருத்தும் விலையுயர்ந்த உறுப்புகள் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் பெற்றோரையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு வெளியூர் செல்வதாக இருந்தாராம். கம்பி தெரியாத பகுதியில் டயரின் குறுக்கே உள்ளங்கையால் தடவிப் பார்க்கச் சொன்னேன். ஒரு திசையில் வழுவழுப்பாக இருந்தது. எதிர்த்திசையில் அரத்தின் பல்லைப்போலக் கையைப் பிடித்தது. பக்கவாட்டில் இழுபட்ட டயரின் அடையாளம் அது. அளந்து பார்த்ததில் முன்சக்கரங்கள் விலகியே நின்றன. தண்டின் முனையிலுள்ள மரையைத் திருகி அந்த விலகலைச் சரிசெய்யப் புதிய உறுப்பு எதுவும் தேவைப்படவில்லை. டயர்களை மட்டும் மாற்றிக்கொண்டு, பயணத்தை அவர் இரண்டு நாள் தள்ளிவைத்தார்.

இவ்வகைத் தேய்வின் கொடுமை, அது மறைவிடத்தில் நிகழ்வதே. வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பவர் கண்ணுக்கு வெளிவிளிம்பு மட்டுமே படுகிறது. டயரின் பள்ளங்கள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. மழைநீர் விலகிச் செல்வதற்கான வாய்க்கால்கள் அவை. 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த பள்ளமுள்ள டயரோடு காரை ஓட்டலாகாது என்று பல நாடுகளின் சட்டங்கள் கூறுகின்றன. உள்விளிம்பில் வாய்க்கால் மறைந்துவிட்டால், நீர் தேங்கிய சாலையில் வேகமாகச் செல்லும்பொழுது டயருக்கும் சாலைக்கும் இடையே நீர்ப்படலம் புகுந்து, சக்கரம் மிதக்கத் தொடங்கலாம். அப்பொழுது ஸ்டியரிங்கும் பிரேக்கும் இருந்தும் இல்லாதவையே. கம்பி வெளிப்பட்ட டயரோ வெயில் நேரத்து நெடுவழியில் எந்தக் கணத்திலும் வெடிக்கலாம்.

ஆகவே வண்டியைத் தாழ்த்துபவர் செய்ய வேண்டியவை சில உள. புதிய ஸ்பிரிங்குகள் சிறிது காலம் ஓடி அமர்ந்தபின், சக்கர அமைப்பை முறையாக அளக்க வேண்டும். சாய்வைத் திருத்த வழி இருந்தால் முதலில் அதனைத் திருத்த வேண்டும். நோக்கை இறுதியாகத் திருத்த வேண்டும். சாய்வை மாற்றினால் நோக்கும் உடன் மாறிவிடும் என்பதால் இவ்வரிசை மாறலாகாது. பின்சக்கரங்களையும் அளந்து பார்ப்பது நலம். டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போடுவதால் தேய்வு பகிரப்படுமேயன்றி, காரணம் நீங்காது.

மாணவர்கள் இதனை விலையுயர்ந்த கருவி இல்லாமலே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். சமதரையில் வண்டியை நேரே உருட்டி நிறுத்திவிட்டு, பெரியவர் ஒருவர் துணையோடு, வண்டியின் இரு பக்கங்களிலும் அதன் நடுக்கோட்டுக்கு இணையாக நூல் கட்டுங்கள். சக்கர விளிம்பின் முன்முனையிலிருந்தும் பின்முனையிலிருந்தும் நூல் வரையுள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். முன்முனை நூலுக்கு அருகில் இருந்தால் வெளிநோக்கு. பின்முனை அருகில் இருந்தால் உள்நோக்கு. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வேறுபாடுதான் கிடைக்கும். அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டரே ஒரு டயரின் ஆயுளைப் பாதியாக்கவும் வல்லது.

வகுப்பறையில் செங்கோண முக்கோணத்தைப் படிக்கும்பொழுது, இதனால் என்ன பயன் என்று சிலர் கேட்பதுண்டு. தாழ்த்திய காரில் குடும்பத்தோடு மழையில் செல்பவருக்கு அதன் பயன் மிகப் பெரிது. உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ அத்தகைய வண்டி இருந்தால், அடுத்த பயணத்துக்கு முன் ஒரு முறை குனிந்து, டயரின் உட்புறத்தைப் பார்த்துவிடுங்கள்.