மலைநாட்டு மகளிரும் மார்பகப் புற்றுநோயும்

உலகெங்கணும் பெண்களைப் பற்றும் புற்றுநோய்களுள் முதலிடம் வகிப்பது மார்பகப் புற்றுநோய். 2022ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறக்குறைய 23 இலட்சம் பெண்கள் இந்நோய் உடையவர்களாகக் கண்டறியப்பட்டனர் என்றும், ஏறக்குறைய 6,70,000 பேர் இதனால் உயிர் நீத்தனர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இலங்கையிலும் பெண்களிடத்துக் காணப்படும் புற்றுநோய்களுள் ஏறத்தாழ நாலில் ஒன்று இதுவே. ஆயினும் இந்நோயால் நிகழும் இறப்பு எல்லா நாடுகளிலும் ஒரே அளவினதன்று. ஒரு நாட்டினுள்ளேயே மாகாணத்துக்கு மாகாணம் அது வேறுபடும். ஓரிடத்திலேயே காலத்துக்குக் காலம் ஏறியும் இறங்கியும் வரும். இவ்வேறுபாடுகள் எதனால் எழுகின்றன, கினிகத்தேனை முதல் நுவரெலியா வரை பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களில் வாழும் பெண்களுக்கு அவை உணர்த்துவன யாவை என்பனவே ஈண்டு ஆராயப்படும்.

இறப்பு வீதம் என்பது யாது?

ஓராண்டில் ஓரிடத்தில் வாழும் இலட்சம் பெண்களுள் எத்தனை பேர் ஒரு நோயால் இறக்கின்றனர் என்பதைக் காட்டும் எண்ணே அந்நோயின் இறப்பு வீதமாகும். இது காண்பதற்கு எளிதாயினும், ஒப்பிடும்போது எளிதில் மயக்கந் தருவது. எடுத்துக்காட்டாக, இரண்டு ஊர்களைக் கற்பனை செய்து கொள்ளலாம். இரண்டிலும் இலட்சம் பெண்கள் வாழ்கின்றனர். இரண்டிலும் 50 வயதுக்குக் குறைந்தவர்களுள் இலட்சத்துக்கு 5 பேரும், மூத்தவர்களுள் இலட்சத்துக்கு 50 பேரும் இந்நோயால் இறக்கின்றனர். முதலாம் ஊரில் இளையோர் 80,000, மூத்தோர் 20,000. அங்கு நிகழும் மரணம் 14. இரண்டாம் ஊரில் இளையோர் 60,000, மூத்தோர் 40,000. அங்கு நிகழும் மரணம் 23. வயதுக்கு வயது நோக்கின் இரண்டு ஊர்ப் பெண்களுக்கும் ஆபத்து ஒன்றே. மொத்த எண்ணை மாத்திரம் நோக்குபவர் இரண்டாம் ஊரை நோய்க்காடு என்று தவறாக முடிவு செய்வர்.

இம்மயக்கத்தை நீக்குதற் பொருட்டே வயதுக்கட்டமைப்பை ஒரு பொதுவளவுக்குக் கொணர்ந்து கணிக்கும் முறை கையாளப்படுகிறது. யப்பானிய அறிஞர் செகி என்பார் 1960ஆம் ஆண்டில் வகுத்த உலகப் பொதுக் குடித்தொகை, பின்னர்ச் சிறிது திருத்தப்பெற்று, இன்றும் நாடுகளை ஒப்பிடப் பயன்படுகிறது. நல்ல அறிக்கைகளிற் காணும் வீதங்கள் யாவும் இவ்வாறு வயது திருத்தியனவே.

நோய் மிக்க நாடும் சாவு மிக்க நாடும்

இறப்பு வீதம் இரண்டு காரணிகளின் விளைவு. ஒன்று, எத்தனை பேருக்கு நோய் வருகின்றது என்பது. மற்றொன்று, நோய் வந்தவருள் எத்தனை பேர் பிழைக்கின்றனர் என்பது. இவ்விரண்டையும் பிரித்துணராதார் இப்பொருளை விளங்கிக் கொள்ளல் அரிது.

முதலாவதற்கு வாழ்க்கை முறை பெரிதும் காரணமாகின்றது. இளம் வயதிற் பூப்பெய்தல், பிள்ளைப்பேறு தாமதித்தல் அல்லது இல்லாதொழிதல், பாலூட்டுங் காலம் குறுகுதல், முதுமையில் உடல் பருத்தல், மதுபானம் என்பன நோய் வருதற்குரிய வாய்ப்பைக் கூட்டுகின்றன. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தாலிய மருத்துவர் இரமசினி, கன்னிமாடத்துத் துறவியரிடம் இந்நோய் மிகுந்திருத்தலைக் குறித்து வைத்தார். 2002ஆம் ஆண்டில் வெளியான ஒரு பெருந்தொகுப்பாய்வு, ஒரு தாய் பாலூட்டும் ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் இவ்வாய்ப்பு நூற்றுக்கு 4.3 வீதம் குறைகின்றது எனக் கணித்தது. யப்பானிலிருந்து அமெரிக்காவிற் குடியேறிய பெண்களின் வழித்தோன்றல்களிடத்து, இரண்டொரு தலைமுறைகளுள் நோய் அந்நாட்டார் அளவை நோக்கி உயர்ந்தமை, இனத்தைவிட வாழ்க்கைச் சூழலே இவ்வேறுபாட்டுக்குப் பெருங்காரணம் என்பதை நிறுவிற்று.

இரண்டாவது காரணி முற்றிலும் வேறானது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, மிக முன்னேறிய நாடுகளில் 12 பெண்களுள் ஒருவருக்குத் தம் வாழ்நாளில் இந்நோய் வருகின்றது. 71 பேருள் ஒருவரே இதனால் இறக்கின்றார். பின்தங்கிய நாடுகளிலோ 27 பேருள் ஒருவருக்கே நோய் வருகின்றது. ஆயின் 48 பேருள் ஒருவர் இறந்துபடுகின்றார். அஃதாவது, அங்கு நோயுற்றவருள் ஏறக்குறைய அறுவரில் ஒருவர் மடிய, இங்குப் பாதிக்கு மேற்பட்டோர் மடிகின்றனர். நோய் குறைந்த நாட்டிலே சாவு மிகுந்திருக்கும் இம்முரண்பாடே இப்பொருளின் உயிர்நிலை.

காலந்தோறும் மாறிய வீதங்கள்

செல்வ நாடுகளில் 1980களில் இருந்த இறப்பு வீதம், 2020ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு 40 வீதம் குறைந்துவிட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1989ஆம் ஆண்டில் உச்சமடைந்த வீதம் அதன்பின் தொடர்ந்து இறங்கி வந்துள்ளது. மமோகிராம் எனப்படும் கதிர்ப்படத்தால் நோயைத் தொடக்கத்திலே கண்டறிந்தமையும், சத்திரசிகிச்சையோடு கதிர்ச்சிகிச்சையும், தமொக்சிபென் முதலிய மருந்துகளும் சேர்ந்தமையும் இதற்குக் காரணங்கள்.

இவ்விறக்கமும் எல்லார்க்கும் ஒருங்கே கிட்டியதன்று. அமெரிக்காவில் முன்பு வடகிழக்கு மாநிலங்களிலேயே இறப்பு மிகுந்திருந்தது. அங்கு அது விரைந்து குறைய, தென் மாநிலங்கள் பலவற்றில் மெதுவாகவே குறைந்தது. கறுப்பினப் பெண்களிடத்து இந்நோய் வெள்ளையரைவிடச் சிறிது குறைவாகவே காணப்படுகின்றது. ஆயினும் அவர்தம் இறப்பு வீதம் ஏறத்தாழ நூற்றுக்கு 40 வீதம் அதிகம். நோயின் தன்மையில் உள்ள வேறுபாடு இதற்கு ஓரளவே விடை கூறும். மருத்துவம் சென்றடையும் வழியில் உள்ள தடைகளையுஞ் சேர்த்து நோக்கினாலன்றி இதனை விளக்கவியலாது.

இந்தியாவும் இலங்கையும்

இந்தியாவில் முதலாவது புற்றுநோய்ப் பதிவேடு 1963ஆம் ஆண்டில் மும்பையிலே தொடங்கப்பட்டது. தமிழகத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ஆம் ஆண்டில் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையம் சென்னை நகரின் பதிவேட்டைப் பேணி வருகின்றது. முன்பு சென்னைப் பெண்களிடத்துக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயே முதலிடம் பெற்றிருந்தது. பின்னர் அது குறைய, மார்பகப் புற்றுநோய் அவ்விடத்தைப் பிடித்தது. மகாராட்டிர மாநிலத்துப் பார்சி என்னும் நாட்டுப்புறப் பகுதியின் பதிவேட்டிலோ இந்நோய் நகரங்களிலும் பார்க்க மிகக் குறைவு. நோய் நகரத்தில் மிகுதி, நாட்டுப்புறத்திற் குறைவு என்பது இதனாற் பெறப்படும். எனினும், ஐந்தாண்டு பிழைத்திருப்போர் செல்வ நாடுகளில் நூற்றுக்கு 90 பேருக்கு மேலாக, இந்தியாவில் 66 பேரே என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

இலங்கையிலும் நோய் பெருகி வருகின்றது. 2001ஆம் ஆண்டில் இலட்சம் பெண்களுக்கு ஏறத்தாழ 17 ஆக இருந்த புதிய நோயாளர் வீதம், வயது திருத்திய கணக்கின்படி, 2010ஆம் ஆண்டில் ஏறத்தாழ 25 ஆக உயர்ந்தது. கண்டறியும் வசதியும் பதிவு முறையும் சீர்ப்பட்டமை இவ்வுயர்வின் ஒரு பகுதிக்குக் காரணமாகலாம். பிள்ளைப்பேறு குறைந்து, ஆயுள் நீண்டு வரும் நாட்டில் இந்நோய் மேலும் கூடுமென்பதில் ஐயமில்லை.

மலைநாட்டின் நிலை

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி நுவரெலியா மாவட்ட மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர் தோட்டப்புறத்தில் வாழ்பவர். இத்தகைய மாவட்டத்தின் இறப்பு வீதத்தைப் படிக்கும்போது மூன்று செய்திகளை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, இறந்த இடம் வேறு, வாழ்ந்த இடம் வேறு. கினிகத்தேனையில் நோயுற்ற ஒருத்தி நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கோ, கித்துல்கல, அவிசாவளை வழியாக மகரகமை அபேக்ஷா வைத்தியசாலைக்கோ செல்லக்கூடும். அங்கு நிகழும் மரணம் அவ்விடத்திலேயே பதியப்படும். வாழ்ந்த இடம் நோக்கிப் பிரித்தெண்ணாதவிடத்து, மலைநாட்டின் துயரம் கொழும்பின் கணக்கிலும் கண்டியின் கணக்கிலும் ஏறிவிடும்.

இரண்டாவது, இறப்பின் காரணம். இலங்கையில் மரணப் பதிவு 1867ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றது. எண்ணிக்கையில் அது பெரிதும் நிறைவானது. ஆயின் வைத்தியசாலைக்கு வெளியே நிகழும் மரணங்கள் பலவற்றின் காரணம், வைத்தியர் சான்றின்றி, உறவினர் கூறுவதைக் கொண்டே எழுதப்படுகின்றது. லயன் அறையில் மாதக்கணக்காக மெலிந்து மாண்டவளின் நோய் முதுமை என்றோ பலவீனம் என்றோ ஏட்டில் ஏறுதல் கூடும். மார்பிலிருந்த புண்ணை அவள் மகளுக்குங் காட்டாது மறைத்திருப்பின் அதனை எழுதுவார் யார்?

மூன்றாவது, வயது. இளம்பெண்கள் தொழில் தேடிக் கொழும்பு முதலிய நகரங்களுக்குச் செல்ல, தோட்டத்தில் மூத்தோர் தொகை கூடி வருகின்றது. மேலே காட்டிய இரண்டு ஊர்க் கணக்கு இங்கும் பொருந்தும்.

இவற்றால் விளங்குவது, தோட்டப்புறத்தில் ஏட்டிற் காணும் எண் சிறிதாயிருத்தல் நிம்மதிக்குக் காரணமாகாது என்பதே. தோட்டத்துப் பாட்டிமார் பிள்ளைகள் பலரைப் பெற்று நெடுங்காலம் பாலூட்டினர். அவர்தம் பேர்த்தியர் இரண்டொரு பிள்ளையோடு நின்றுவிடுகின்றனர். முன்னைய தலைமுறைக்கு இயற்கையாகக் கிட்டிய காப்பு இத்தலைமுறைக்குக் குறைகின்றது. ஆனால் நோயை முன்னரே கண்டு தீர்க்கும் வசதி அதே வேகத்தில் அவர்களை அடையவில்லை.

தாமதத்தின் வேர்கள்

இந்நோயின் தொடக்கம் பெரும்பாலும் நோவற்ற ஒரு கட்டி. நோவில்லாமையே பெரும் பகையாகின்றது. விடியலிற் கொழுந்துக் கூடையோடு புறப்படும் பெண், நோவாத கட்டிக்காக ஒரு நாள் வேலையை விடாள். விட்டால் தோட்டத்தார் ‘பேர்’ என வழங்கும் அந்நாட்கூலி இல்லாது போம். பேருந்துச் செலவு, துணைக்கு வருவோரின் கூலியிழப்பு, பிள்ளைகளை ஒப்படைத்துச் செல்ல ஆள் இல்லாமை, ஆண் வைத்தியர் முன் கூச்சம், தமிழிற் பேசி விளக்குவார் கிட்டாமை என்பனவும் சேர்கின்றன. தோலிற் குழிவிழுதல், முலைக்காம்பு உள்வாங்குதல், அதிலிருந்து குருதி கசிதல் ஆகிய அறிகுறிகள் தோன்றிய பின்னும் சிலர் காலங் கடத்துகின்றனர்.

சிகிச்சை தொடங்கிய பின்னரும் தூரம் தடையாகவே நிற்கின்றது. கதிர்ச்சிகிச்சை, வார இறுதி நாட்கள் நீங்கலாக, மூன்று முதல் ஐந்து வாரம் வரை நாடோறும் பெறவேண்டியது. ஹோர்மோன் மாத்திரைகளை ஐந்தாண்டேனும் தவறாது உட்கொள்ளல் வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் மருத்துவம் இலவசமே. அதற்குச் செல்லும் வழியும், இழக்கும் கூலியும் இலவசமல்ல. இடைநடுவில் நின்ற சிகிச்சை முழு நன்மை தரும் என்று கூறவியலாது.

இது வினைப்பயன், நம்மால் ஆவது யாதுமில்லை என்று சோர்வோரும் உளர். அடியார்களைக் குளிர்ச்சுரம் பீடித்தபோது, வினை என்று வாளாவிருத்தல் தகாதெனத் திருநீலகண்டப் பதிகம் பாடி அதனைத் தீர்க்க முயன்றவர் திருஞானசம்பந்தர். ஆதலின் அச்சோர்வுக்குச் சமய நெறியிலும் இடமில்லை.

செயற்குரிய வழி

உலகச் சுகாதார நிறுவனம் மூன்று இலக்குகளை வகுத்துள்ளது. நோயாளருள் நூற்றுக்கு 60 பேரேனும் முதலாம் அல்லது இரண்டாம் நிலையிலேயே கண்டறியப்படல் வேண்டும். வைத்தியரை முதலிற் கண்ட நாளிலிருந்து 60 நாட்களுள் நோய் உறுதி செய்யப்படல் வேண்டும். நூற்றுக்கு 80 பேரேனும் சிகிச்சையை நிறைவு செய்தல் வேண்டும். இவற்றால் இறப்பு ஆண்டுக்கு நூற்றுக்கு 2.5 வீதம் குறையும் என்பது எதிர்பார்ப்பு.

விலைமிக்க கதிர்ப்படக் கருவி ஊர்தோறும் இல்லாத நாட்டில் இஃது இயலுமோ என்னும் ஐயத்துக்கு மும்பையில் நடைபெற்ற ஓர் ஆய்வு விடை பகர்கின்றது. டாட்டா நினைவு மருத்துவமனையினர் 1998ஆம் ஆண்டில் தொடங்கிய அவ்வாய்வில், 35 முதல் 64 வயது வரையான 1,51,538 பெண்கள் இரு பிரிவினராகச் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினரின் மார்பகங்களைப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையாற் பரிசோதித்தனர். 2021ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, அப்பிரிவினரிடத்து நோய் முற்றாத நிலையிலேயே கண்டறியப்பட்டது. 50 வயதுக்கு மேற்பட்டோருள் இறப்பு ஏறக்குறைய நூற்றுக்கு 30 வீதம் குறைந்தது. இளையோரிடத்து அத்தகைய பயன் காணப்படவில்லை. பெருங்கருவி இல்லாதவிடத்தும் பயிற்சி பெற்ற கை உயிர் காக்கும் என்பது இதனால் துணியப்படும்.

இலங்கையில் இதற்கு வேண்டிய அடித்தளம் ஏற்கெனவே உண்டு. 1996ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் சுகவனிதையர் கிளினிக்குகளில் 35 வயதெய்திய பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும் இலவசமாகச் செய்யப்படுகின்றன. வீடுதோறுஞ் செல்லும் குடும்ப நல உத்தியோகத்தர் நாடெங்கும் பணியாற்றுகின்றனர். 1940களின் நடுப்பகுதியில் இலட்சம் பிரசவத்துக்கு ஆயிரத்துக்கு மேலிருந்த தாய்மார் இறப்பு, இந்நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் 40க்குக் கீழ் இறங்கியமைக்கு இத்தகைய பணியாளரின் கால்நடைப் பயணமே ஒரு பெருங்காரணம். பிரசவத்துக்காக லயன் வாசலுக்கு வந்த அச்சேவை, பிள்ளைப் பருவமெல்லாம் கடந்த 50 வயதுப் பெண்ணையும் நாடி வருதல் வேண்டும். கிளினிக் நாளிற் செல்லும் தொழிலாளிக்கு அந்நாட்கூலி கிடைக்க வழி செய்தலும், தொடர்சிகிச்சைக்குச் செல்வோருக்குப் போக்குவரத்து உதவி அளித்தலும் தோட்ட நிருவாகங்களும் தொழிற்சங்கங்களும் கூடிச் செய்யத்தக்கன.

மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. தோட்டப் பாடசாலையிற் பயிலும் ஒரு மாணவி, நோவாத கட்டியும் ஐயுறத்தக்க கட்டி என்னும் ஒரு செய்தியைத் தன் தாய்க்கும் பாட்டிக்கும் எடுத்துரைத்தால், அது பல மாதத் தாமதத்தைக் குறைக்கும். மார்பிலுண்டாகும் கட்டிகளிற் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதையும் அவள் உடன் கூறல் வேண்டும். அச்சம் நீங்கினாலன்றிப் பெண்கள் வைத்தியரை நாடார்.

ஓரிடத்தின் இறப்பு வீதம் அவ்விடத்து நோயின் கொடுமையை மாத்திரம் அளப்பதன்று. கட்டியைக் கண்ட நாளுக்கும் சிகிச்சை நிறைவுற்ற நாளுக்கும் இடையிலுள்ள தூரத்தையும் அஃது அளக்கின்றது. நோய் வருவதை முற்றாகத் தடுத்தல் இன்று எவர்க்கும் இயலாது. கினிகத்தேனைக்கும் கண்டிக்கும் இடையே அவ்வாறு நீண்டு கிடக்கும் தூரத்தைக் குறைத்தலோ இயலும். அது குறையுந்தோறும் வீதமும் குறையும்.